சாரம் நின்ற நாட்கள்

மார்ச் 3

வங்கியிலிருந்து வந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறேன். கீழே என்றால் ஆபீஸ். ஆபீஸ் என்றால் கார் நிறுத்துகிற இடத்துக்கு ஷட்டர் போட்டு, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் ஓரமாக அடுக்கிய பெயிண்ட் வாளிகள். பதினோரு வருடமாக இங்கே உட்கார்ந்துதான் பெரிய பெரிய கட்டடங்களுக்கெல்லாம் வெளிப்பூச்சு கான்ட்ராக்ட் எடுக்கிறேன். நான் ரேட் பேசுவேன், தம்பி சைட்டைப் பார்த்துக்கொள்வான். அக்கா தம்பி கம்பெனி என்றே சொல்வார்கள்.

ஓவர்டிராஃப்டைப் புதுப்பிக்க ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். புதிதாக வந்திருக்கும் மேனேஜரம்மா என் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பணம் வருது, போகுது, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்த வேலைல உங்களுக்கு எவ்வளவு நிக்குது?"

"எல்லாத்துலயும் நிக்கும் மேடம்."

"அப்ப வேலைவாரியா எழுதிக் கொண்டாங்க. மே மாசக் கடைசிக்குள்ள. அதப் பாத்துட்டுத்தான் புதுப்பிக்கறதா வேணாமான்னு சொல்ல முடியும்."

சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ஓவர்டிராஃப்ட் இல்லாவிட்டால் பெயிண்ட் கடைக்கும் ஆட்களின் வாரச் சம்பளத்துக்கும் எங்கே போவது? கடையைக் கட்ட வேண்டியதுதான். எந்த வேலையில் எவ்வளவு நிற்கிறதாம்! எனக்கு எப்படித் தெரியும்? காலையில் எழுந்ததும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஃபோனில் பார்ப்பேன். இருந்தால் நல்ல நாள். இல்லையென்றால் யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கப் போவேன்.

மார்ச் 4

இன்றும் ஒரு அட்வான்ஸ். பூங்காவுக்கு எதிர்த்த குடியிருப்பு. ஆட்கள் வந்து இறங்காமல் செக் கொடுக்க மாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். ஆஸ்பத்திரி சைட்டிலிருந்து நாலு பேரை அனுப்பச் சொல்லித் தம்பிக்குச் செய்தி போட்டேன். உடனே கூப்பிட்டான்.

"அக்கா, இங்க பழைய பெயிண்டச் சுரண்டி ப்ரைமர் அடிச்சு வச்சிருக்கேன். மேல கோட் போடாம விட்டா வீணாப் போயிடும்."

"ரெண்டு நாள்தானடா."

"உன்னோட ரெண்டு நாள் எனக்குத் தெரியும்க்கா."

முணுமுணுத்தான், ஆனாலும் அனுப்பினான். சாயங்காலம் செக் கைக்கு வந்துவிட்டது. சுவரில் பிரஷ் பட்டால்தான் செக்கில் பேனா படும் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தொழிலில் இதுவும் ஒரு சாமர்த்தியம். அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய பெயிண்ட் பாக்கியை அடைத்தேன்.

மார்ச் 8

நாத்தனாரைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். வேறொரு ஆஸ்பத்திரியில் பில் போடும் பிரிவில் இருக்கிறாள். என் பில்களை மூன்று துணிப்பைகளில் கொண்டுவந்து மேஜையில் கொட்டினேன். அவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனாள்.

"அண்ணி, இது கணக்கா, பழைய பேப்பர் கடையா?"

"நக்கல் பண்ணாம உக்காரு."

"எங்க அண்ணன் உங்ககிட்ட எப்படித்தான் குடும்பம் நடத்தறாரோ."

அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். மாத்திரையை எண்ணி எண்ணியே பழகியவர். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று மாடிக்குப் போய்விட்டார்.

நாத்தனார் சொன்ன வழி எளிதுதான். கம்ப்யூட்டரில் ஒரு வேலைக்கு ஒரு வரிசை. பேசிய தொகை, வந்த தொகை, பெயிண்ட், ஆள் கூலி, கட்டடத்தைச் சுற்றிக் கட்டுகிற சாரத்தின் வாடகை, வண்டி, திரும்பச் செய்த வேலை. எந்தச் செலவு எந்தக் கட்டடத்துக்கு என்று பிரித்துப் போட வேண்டும். நான் இதுவரை எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நல்லவேளை, தம்பி தினமும் சாயங்காலம் எந்த சைட்டில் யார் யார் வேலை செய்தார்கள் என்று ஃபோனில் அனுப்பிவிடுவான். கூலி கொடுக்க அது வேண்டும். அதைத்தான் முதலில் ஏற்றினோம்.

மார்ச் 12

பில் பில் பில். கண் பூத்துப் போகிறது. "சாமான் – 4" என்று ஒரு பில்லில் இருக்கிறது. என்ன சாமான்? எந்த நாலு? என் கையெழுத்துதான்.

மார்ச் 15

வந்துவிட்டது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

போன வருடம் எடுத்த பெரிய வேலைகளில் ஒன்றில்கூடச் சொல்லிக்கொள்கிற மாதிரி நிற்கவில்லை. ஐந்து வேலைகளில் கையை விட்டுப் போயிருக்கிறது. அதில் ஒன்று அந்தப் பதினாலு மாடிக் கட்டடம்! அதை ஃபோட்டோ எடுத்து என் விசிட்டிங் கார்டிலேயே போட்டிருக்கிறேன். அந்த வேலைக்கு நான் காசு கொடுத்து அவர்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

காப்பாற்றியது எதுவென்றால், நான் சில்லறை வேலை என்று மூஞ்சியைச் சுளிக்கிற வேலைகள். மொட்டைமாடி ஒழுகல், குளியலறைச் சுவர் ஈரம். சாரம் கிடையாது, இரண்டு பேர் போவார்கள், முடித்துவிட்டு வருவார்கள். ஒவ்வொன்றிலும் பத்துக்கு மூன்று நின்றிருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது. அதைவிட, யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருக்கிறது.

மார்ச் 16

நஷ்டம் வந்த ஐந்தும் தம்பி நேரில் நின்று பார்த்த சைட்டுகள்.

மார்ச் 18

தூக்கமும் இல்லை, வேலையும் ஓடவில்லை. பெயிண்ட் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். சுவரின் சதுர அடிக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கிறது, டப்பாவிலேயே போட்டிருக்கிறான். இந்த ஐந்து கட்டடங்களிலும் அதற்கு மேல் கால் பங்கு அதிகம் போயிருக்கிறது. ப்ரைமர் இன்னும் மோசம். ஒன்றில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எங்கே போனது? சுவர் குடிக்குமா?

அவன் போன வருடம்தான் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். சீ. என்ன யோசிக்கிறேன் நான்? கூடப் பிறந்தவன். ஆனால் யோசனை வந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறது. நாத்தனாரிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் லேசாக ஆரம்பித்தேன். "நல்லா விசாரிக்காம வாயத் தொறக்காத" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 20

வாயைத் திறந்துவிட்டேன்.

தனியாகக் கூப்பிட்டாவது கேட்டிருக்கலாம். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிற நேரம், எல்லோரும் ஷட்டருக்கு வெளியே நிற்கிறார்கள். அவன் வந்து, ஆஸ்பத்திரிச் சுவருக்கு இன்னும் எட்டு வாளி ப்ரைமர் வேண்டும் என்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"இதுவரைக்கும் வாங்கினதெல்லாம் எங்கடா போச்சு? உங்க வீட்டுச் சுவருக்கா?"

வெளியே ஒருத்தன் இருமினான். தம்பி என்னைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுதுவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். அவன் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேஜையில் வைத்தான்.

"என் வீட்டுக்கு வாங்கின பெயிண்ட் பில் என்கிட்ட இருக்குக்கா. நாளைக்குக் குடுத்தனுப்பறேன்."

அவ்வளவுதான். நடந்தே போனான். அவனுக்குப் பின்னால் மூன்று பேர் போனார்கள், நல்ல கைகள். மற்றவர்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

நான் என்ன தப்பாக் கேட்டேன்? கணக்கு அப்படித்தானே இருக்கு? முதலாளி கேக்கக் கூடாதா?

நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 21

பில் வந்துவிட்டது. தம்பி மனைவியே கொண்டுவந்தாள். உள்ளே வரவில்லை, ஷட்டர் ஓரமாக நின்று நீட்டினாள். "அண்ணி, உங்க தம்பி நேத்திலேருந்து சரியா சாப்பிடல. நான் வேற எதுவும் சொல்ல வரல" என்றாள். நான் "உள்ள வாம்மா" என்று எழுவதற்குள் போய்விட்டாள்.

அவன் வேறு நிறம் அடித்திருக்கிறான். நாங்கள் எந்த சைட்டுக்கும் வாங்காத நிறம். அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவள்தானே நான், அந்தச் சுவரைப் பார்த்தவள்தானே. அது எப்படி மறந்து போகும்?

மார்ச் 24

சைட்டை நானே பார்க்கிறேன். ஆட்கள் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது, எந்தச் சுவரில் வெயில் எப்போது விழும், எதுவும் தெரியவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கிறது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் சாரம் முழுக்க நிற்கிறது, மேலே ஒருத்தரும் இல்லை. ப்ரைமர் அடித்த சுவரைக் கையால் தேய்த்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூள். இதைச் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டுமாம்.

மார்ச் 27

நாத்தனார் வந்தாள். நடந்ததை அவள் அண்ணன் சொல்லியிருக்கிறார். எதுவும் கேட்கவில்லை, நேராக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அது இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, சாரத்துக்கு நாள் வாடகையா?" என்றாள்.

"ஆமா. ஏத்தின நாளிலேருந்து இறக்கற நாள் வரைக்கும்."

"ஆள் ஏறினாலும் ஏறாட்டாலும்?"

"சும்மா நின்னாலும் வாடகைதான். அது கடைக்காரன் தப்பு இல்லையே."

அவள் இரண்டு வரிசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று, சாரம் நின்ற நாட்கள். இன்னொன்று, தம்பி அனுப்பிய ஆள் கணக்கிலிருந்து அந்த சைட்டில் ஆள் வேலை செய்த நாட்கள். பதினாலு மாடிக் கட்டடத்தில் ஆள் வேலை செய்தது முப்பத்தொரு நாள். சாரம் நின்றது எழுபத்திரண்டு நாள்.

மற்ற நான்கிலும் அதே கதை. கொஞ்ச நாள் வேலை, அப்புறம் வெறுமை, மறுபடி கொஞ்ச நாள், மறுபடி வெறுமை. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"நடுவுல ஏன் இப்படி ஆளே இல்ல?" என்றாள்.

எனக்குத் தெரியும். அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் "பாக்கறேன்" என்றேன்.

மார்ச் 28

பார்த்தேன். ஃபோனில் நான் தம்பிக்கு அனுப்பிய செய்திகளைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெறுமையாகப் பார்த்தேன்.

"நாளைக்கு மூணு பேரை ஸ்கூலுக்கு அனுப்பு." மறுநாளிலிருந்து வெறுமை.

"எல்லாரையும் அந்தப் பக்கம் இறக்கு, செக் தரேன்னு சொல்லிட்டாங்க." மறுநாளிலிருந்து வெறுமை.

"ரெண்டு நாள்தானடா." எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன்! இரண்டு நாள் என்றது பதினைந்து நாளாகியிருக்கிறது, ஏனென்றால் அதற்குள் மூன்றாவது இடத்தில் அட்வான்ஸ் வந்திருக்கிறது. அந்தப் பதினைந்து நாளும் ப்ரைமர் வெயிலிலும் மழையிலும் கிடந்து பொடிந்திருக்கிறது. திரும்ப வந்தவன் சுரண்டிவிட்டு மறுபடி அடித்திருக்கிறான். பெயிண்ட் அங்கேதான் போயிருக்கிறது. சுவர் குடித்தது உண்மைதான், ஊற்றிக் கொடுத்தது நான்.

ஒரு வேலையின் அட்வான்ஸை வாங்கி முந்தின வேலையின் பாக்கியை அடைத்தேன். அந்த அட்வான்ஸ் வாங்குவதற்காகவே முந்தின வேலையைக் கெடுத்தேன். அதைச் சாமர்த்தியம் என்று இந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் சாரத்துக்கும் ப்ரைமருக்கும் இப்படி வீணாய்ப் போனதைக் கூட்டினால், தம்பிக்கு வருடம் முழுக்கக் கொடுத்த பங்கைவிட அதிகம்.

அவனைத் திருடன் என்று சொன்னேன். ஆட்களுக்கு முன்னால். ஐயோ.

மார்ச் 30

போனேன். நாத்தனார் அச்செடுத்துக் கொடுத்த காகிதங்களையும் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. வெறும் கையோடு மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லை போல.

தம்பி வாசலில் உட்கார்ந்து ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் சொந்த ரோலர், புதுசு. நான் பேசப் பேச நிமிரவில்லை. காகிதத்தை நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பொறுமையாகப் பார்த்தான். சாரம் நின்ற நாட்கள் இருந்த பக்கத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தான்.

"நல்லாப் போட்டிருக்காங்க" என்றான்.

"தப்பு என் மேலடா. நான் சொன்னது பெரிய தப்பு."

"சரிக்கா."

"வேன் சாவி மேஜையிலயே இருக்கு."

அப்போதுதான் நிமிர்ந்தான். "ரெண்டு வருஷமா நான் இதத்தானேக்கா சொல்லிட்டு இருந்தேன்? வாயால சொன்னேன், கேக்கல. பேப்பர் சொன்னா கேக்கற. எனக்கு அதான் கஷ்டமா இருக்கு. திருடன்னு சொன்னதுகூட இல்ல."

தனியாகச் சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்யப் போகிறானாம். வராதே என்று அவன் சொல்லவில்லை, டீ கொடுத்தார்கள், குடித்தேன். திரும்பி வரும்போது வண்டியை எந்த வழியாக ஓட்டினேன் என்றே நினைவில்லை.

ஏப்ரல் 6

சட்டம் போட்டிருக்கிறேன், எனக்கே. சாரம் ஏறினால் அந்தக் கட்டடம் முடிகிற வரை அந்த ஆட்கள் அங்கேதான். அட்வான்ஸைக் குறைத்து, ஒரு பக்கச் சுவர் முடிந்தால் ஒரு பங்குப் பணம் என்று பேச வேண்டும். பேசும்போது என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை. புதிதாகப் பேசிய ஒரு பள்ளிக்கூடத்தில் ஒத்துக்கொண்டார்கள். இன்னொரு குடியிருப்பில், "ஏன், முழு அட்வான்ஸ் குடுத்தா கசக்குதா?" என்று சிரித்தார்கள்.

சின்ன வேலைகளுக்கு இனிமேல் மூஞ்சியைச் சுளிப்பதில்லை. இரண்டு பேரை அதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். இந்த வாரம் சம்பளமே அவர்களால்தான் ஓடியது.

ஏப்ரல் 9

தாங்கவில்லை. கணக்கில் பணம் அடிமட்டத்தில் இருக்கிறது. ஃபோனை எடுக்கிறேன், வைக்கிறேன். மூன்றே பேரை எடுத்துப் புது இடத்தில் இறக்கினால் நாளைக்கே செக். வீட்டுக்காரர் ஃபோனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் நடந்துட்டு வா" என்றார். நடந்தேன். தெரு முனையில் ஒரு கட்டடத்துக்கு யாரோ சாரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் நின்று எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். மனசு சும்மா இருந்தால்தானே!

ஏப்ரல் 14

ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்த ஆட்களை எடுத்துவிட்டேன். இரண்டே பேர். இரண்டே நாள் என்றுதான்.

ஏப்ரல் 22

அந்த இரண்டு நாள் ஆறு நாளாயிற்று. நாத்தனார் திரையைத் தட்டினாள். "இது என்ன அண்ணி, மறுபடி ஒரு பல்லு விழுந்திருக்கு?"

"செக் வாங்கினேன்டி."

"எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு போடட்டுமா?"

போட்டாள். அட்வான்ஸ் வந்தது இந்த மாதம். ஆனால் அது அந்த வேலைக்கே செலவாக வேண்டிய பணம், என் லாபம் இல்லை. சார வாடகையும் வீணான ப்ரைமரும் மட்டும் என் சொந்தப் பணம். இதை முன்னால் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால்... சொன்னான். இரண்டு வருடமாகச் சொன்னான்.

இன்றைக்கு அவனை ரொம்பத் தேடுகிறது. வேலைக்கு மட்டும் இல்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு ஆட்களைப் பற்றி ஏதாவது கேலி சொல்லிச் சிரிக்க வைப்பான். இப்போது ஃபோன் அடித்தாலே கடன்காரனோ என்று பயம்.

மே 11

பள்ளிக்கூடம் முடிந்தது. சாரம் நின்ற நாளும் ஆள் வேலை செய்த நாளும் கிட்டத்தட்ட ஒன்று, நடுவில் மழைக்காக விட்ட இரண்டு நாளைத் தவிர. ப்ரைமர், டப்பாவில் போட்டிருந்த அளவுக்கே முடிந்தது. ஒரு பெரிய வேலையில் கையில் நின்ற முதல் பணம் இது. எவ்வளவு என்று தெரிந்த முதல் பணமும் இதுதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தம்பி நம்பரை எடுத்தேன், அழுத்தவில்லை.

மே 27

வங்கி. மேனேஜரம்மா பக்கம் பக்கமாகப் பார்த்தார். போன வருட நஷ்டத்தை நான் மறைக்கவில்லை. நாத்தனார் மறைக்க விடவும் மாட்டாள்.

"இப்படிக் கொண்டு வர்றவங்க கொஞ்சம் பேர்தான்" என்றார். ஓவர்டிராஃப்டைப் புதுப்பித்துவிட்டார், ஆனால் முன்பு இருந்ததில் பாதிக்குத்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு ஏற்றுவாராம். பாதி வந்ததே பெரிது என்று வெளியே வந்து நின்றேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வண்டியில் பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16

சாயங்காலம் தம்பியிடமிருந்து ஃபோட்டோக்கள். ஒரு கட்டடத்தின் நாலு பக்கமும். கீழே ஒரு வரி: "அக்கா, இதுக்கு சதுர அடிக்கு என்ன ரேட் போடலாம்?"

பார்த்ததும் தெரிந்துவிட்டது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பு. போன வாரம் நானும்தான் போய் அளந்துவிட்டு வந்தேன். என் கொட்டேஷன் இதே மேஜையில் கையெழுத்தோடு இருக்கிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டும். அவன் தனியாக எடுக்கிற முதல் பெரிய வேலையாக இருக்கும்.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முதலில் தோன்றியது, ரேட்டை ஏற்றிச் சொன்னால் வேலை எனக்கு வரும். அடுத்துத் தோன்றியது, குறைத்துச் சொன்னால் அவனுக்கு வரும், ஆனால் கையைக் கடிக்கும், திரும்பி வருவான். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்தான், ஆனாலும் நினைத்தேன்.

அப்புறம் கூப்பிட்டேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். வடக்குச் சுவரில் ஈரம் இருக்கிறது, அதற்குத் தனியாகப் போடு. சாரத்துக்கு இருபத்தாறு நாள் போடு, நடுவில் ஆளை எடுத்தால் இந்த ரேட் கட்டாது. பக்கத்துக்குப் பக்கம் பணம் வாங்கு. அவன் "ம்... ம்..." என்று எழுதிக்கொண்டான்.

"நீ என்ன ரேட் போட்டிருக்க?" என்றான் திடீரென்று.

"எதுக்கு?"

"இதே கட்டடத்துக்கு. நீயும் வந்து அளந்துட்டுப் போனன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

"அதே ரேட்தான்டா. இப்ப உனக்குச் சொன்னதுதான்."

அவன் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மாத்திச் சொல்லுவியோன்னு நினைச்சேன்க்கா."

திட்டிவிட்டு வைத்துவிடலாம் போல வந்தது. அக்காவையே சோதிச்சுப் பாக்கறியாடா நாயே என்று கேட்டிருப்பேன், நாலு மாதத்துக்கு முன்னால் என்றால். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? "எனக்கும் தோணுச்சுடா" என்றேன். அவன் சிரித்துவிட்டான். நான் அழுதுவிட்டேன்.

ஜூன் 17

கொட்டேஷன் கொடுக்கப் போகவில்லை. காலையிலேயே தம்பி வந்துவிட்டான். ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்தே பேசினான்.

"ரேட்டும் கணக்கும் உன்னோடது. ஆளும் சாரமும் என்னோடது. நான் சொன்னாத்தான் ஏத்தணும், நான் சொன்னாத்தான் இறக்கணும். ஆளை எடுன்னு உன்கிட்டேருந்து ஒரு செய்தி வந்தாலும் நான் போயிட்டே இருப்பேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

"பங்கு?"

"சரிபாதி. இதுவரைக்கும் நீ குடுத்தத வாங்கிக்கிட்டேன். இனிமே கணக்கப் பாத்து வாங்கிக்கறேன்."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆரம்பித்தவள் நான், முதல் போட்டவள் நான். ஆனால் நியாயம் அதுதான். நாத்தனாரிடம் சொன்னேன், "அப்பாடா, இனிமே எனக்கு ரெண்டு பேருகிட்ட வசவு" என்றாள். அவளுக்கும் மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

ஜூன் 29

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டடம் எங்களுக்கே வந்தது. தம்பி கொடுத்த கொட்டேஷனில். இன்று சாரம் ஏறியது.

ஜூலை 13

காலையில் ஒரு அம்மா ஃபோனில் கூப்பிட்டார். நாலு மாடி வீடு, சொந்தக் கட்டடம். வெளிநாட்டிலிருந்து மகன் வருவதற்குள் முடிக்க வேண்டுமாம். "நாளைக்கே ரெண்டு பேர அனுப்புங்க. முழு அட்வான்ஸும் கையோட குடுத்துடறேன்" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பெயிண்ட் கடைக்கு நாளைக்கு மறுநாள் பணம் கட்ட வேண்டும். அந்த அட்வான்ஸ் அதற்குத் தாராளமாகப் போதும்.

"தம்பியக் கேட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

"ஏம்மா, முதலாளி நீங்களா அவரா?"

"ஆளுங்க அவன் பொறுப்புமா."

தம்பியைக் கூப்பிட்டேன். பின்னால் ஆட்கள் சத்தமும் வாளி இழுக்கிற சத்தமும் கேட்டன. முழு அட்வான்ஸ் என்பதை இரண்டு முறை சொன்னேன், ஒருவேளை சரியாகக் கேட்டிருக்காதோ என்று. "இருபத்தஞ்சாந் தேதிதான் இங்க சாரம் இறங்கும், அதுக்கு மேலதான்க்கா" என்றான். அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஷட்டருக்கும் மேஜைக்கும் நடந்தேன். பிறகு தம்பிக்கு மறுபடி ஃபோன் போட்டு, வேலை போயிடுச்சு என்றேன்.

"போகட்டும்க்கா. நாளைக்கு வடக்குப் பக்கம் முடியுது, வந்து பாரு. மத்தியானம் இங்கயே சாப்பிடலாம்" என்றான்.

பெயிண்ட் கடைக்காரரிடம் மூன்று நாள் தவணை கேட்டிருக்கிறேன். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.